வலி சொல்லாத நெஞ்சு

அந்த ஆராய்ச்சியில் சித்திகாவுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நெஞ்சில் காயம் பட்டால் அது மனுஷனுக்கே தெரியாமல் எப்படி இருக்கும்?

தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை. வயதானவர்களுக்கு எந்த ஆபரேஷன் நடந்தாலும் மறுநாள் போய் அந்த ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுப்பாள். ஆபரேஷனைத் தாங்காமல் இதயத் தசை அடிபட்டிருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"நிறையப் பேருக்கு வலியே இருக்காதும்மா" என்பார் டாக்டர் ஸ்ரீரங்கன். "ஏன்னு முழுசாத் தெரிஞ்சா நாம எதுக்கு ஆராய்ச்சி பண்றோம்?"

வெள்ளிக்கிழமை காலை துளசிங்கத்தின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். இதயம் அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு எகிறியிருந்தது. "உடனே ஈசிஜி எடுக்கணும். எழுந்து நடக்க விடாதீங்க" என்றார் டாக்டர்.

சித்திகா வார்டுக்கு ஓடினாள். கட்டில் காலி. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியே தீருவேன் என்று அடம்பிடித்து, தன் பொறுப்பென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார் மனுஷர்.

போன் போட்டாள். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கணீரென்று வந்தது.

"இன்னா பாப்பா, மறுபடியும் ரத்தமா? ஒனக்குக் கொசுவே தேவலாம்!"

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"குன்றத்தூர் வந்தாச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா படியேறி வந்து மொட்ட போடுறேன்னு முருகனுக்கு வேண்டிகினேன்."

"ஏறாதீங்க ஐயா! உங்க நெஞ்சுல அடிபட்டிருக்குன்னு ரத்தத்துல காட்டுது. உடனே திரும்பி வாங்க."

"நெஞ்சுலயா? ஒரு வலி கெடையாது. வேற எவன் ரத்தத்தையோ பாத்துட்டு என்ன பேஜார் பண்ணாத."

என்ன சொல்லி நிறுத்துவது? அவளுக்குள் இத்தனை நாளாய்க் குடைந்த கேள்வியிலிருந்தே ஒரு வழி தோன்றியது.

"வலி மாத்திரை போட்டீங்களா ஐயா?"

"காலையிலயே போட்டேன். தையல் போட்ட எடமே தெரியல!"

"அப்போ தையல் அங்க இல்லையா?"

"இன்னாய்யா முழிக்கிற? பாப்பா கேக்குதில்ல, சொல்லு" என்றது ஒரு பெண்குரல். அவர் மனைவி பொன்னியம்மாள்.

"தையல் கீது... ஆனா தெரியல" என்றார் துளசிங்கம், சுருதி இறங்கி.

"நெஞ்சும் அப்படி இருக்கலாம் இல்லையா ஐயா?"

பொன்னியம்மாள் போனைப் பிடுங்கினாள். "நான் இட்டாரேம்மா. யோவ், மொட்டய அப்புறம் போடு. இருக்கிற நாலு முடி எங்க போவப் போவுது? தம்பி, வண்டியத் தாம்பரத்துக்குத் திருப்பு!"

ஈசிஜியிலும் கோளாறு தெரிந்தது. அந்த நிலையில் படியேறாமல் வந்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் மருந்தைத் தொடங்கினார். சாயங்காலம் சித்திகா மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோது துளசிங்கம் மார்பின் மேல் கை வைத்துப் படுத்திருந்தார்.

"ஏன் பாப்பா, என் நெஞ்சு எங்கிட்டயே ஏன் சொல்லல?"

"மாத்திரை அமுக்கியிருக்கலாம். ஆனா மாத்திரை போடாதவங்களுக்கும் இப்படி ஆகுதாம். எனக்கும் தெரியல ஐயா."

அவரே கையை நீட்டினார்.

"எடுத்துக்கோ. அது ஒங்கிட்ட இன்னா சொல்லுதுன்னு எனக்கும் வந்து சொல்லு."