வாய் ஓயாத மேஜை

அந்தக் கொட்டகையில் உலர் திராட்சை தரம் பிரிக்கிற பெண்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வாய் ஓயக் கூடாது. சிரிக்காதீர்கள், நிஜம். கை காம்பையும் கல்லையும் பொறுக்க வேண்டும், வாய் கதை சொல்ல வேண்டும். பேசுகிற வாய் மெல்லாது என்பது முதலாளி கண்டுபிடித்த மகா தத்துவம். மேஜைக்கு ஆறு பேர். முறை வைத்து ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். திராட்சையை அதக்கிக்கொண்டு கொட்டுகிற ‘உம்’ வேறு மாதிரி இருக்குமாம். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் ‘காது’. சாயங்காலம் வாசலில் அவர் முன்னால் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்த மனுஷனுக்கு அதில் கூச்சமும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

அக்காக்காரிக்கு அங்கே வாய்த்தது போல ஒரு வேலை எதிரிக்கும் வாய்க்கக் கூடாது. இயல்பிலேயே அவள் அதிகம் பேசாதவள். வீட்டிலும் தங்கைதான் பேசுவாள், இவள் கேட்பாள். அப்பா அம்மா போனபின் இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஒற்றை அறை வீடு. தன் முறைக்கென்று பஸ்ஸில் கேட்டது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எதையாவது சேர்த்து வைத்துக்கொண்டு வருவாள். பாதியிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

மேஜையின் தலைமாட்டில் உட்காருகிறவள் கண்ணாடிக்காரம்மா. பெரிய கண்ணாடி, அதைவிடப் பெரிய குரல். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையைக் கொட்டகை வாசலில் பார்த்துப் பிடித்துப்போய், தன் மெக்கானிக் மகனுக்குக் கேட்டவளும் அவள்தான். பேச்சு முடிந்து நாளும் குறித்தாகிவிட்டது. தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள், அதற்கே கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. தங்கை தூக்கத்தில் எழுந்து நடப்பாள். சின்ன வயசுப் பழக்கம். அதனால் படுக்கும்போது பழைய புடவைக் கிழிசலால் அவள் கணுக்காலையும் அக்காவின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள்.

“அந்தம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாதக்கா. அவர்கிட்ட நானே பதமாச் சொல்லிக்கறேன்.”

“நானா? நான் வாயத் திறக்கறதே பெரிய விஷயம்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி திராட்சை விழுந்தது. தங்கைக்கு அது உயிர். நாக்கைத் துருவிப் பார்க்கிற ‘காது’வுக்குக் கொண்டை ஞாபகம் வந்ததே இல்லை. தினமும் இவள் கொண்டுவருவாள், அவள் மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்பாள்.

அந்தப் பாழாய்ப்போன செவ்வாய்க்கிழமை அக்காவின் முறை வந்தபோது சரக்கு சுத்தமாக இல்லை. முந்தின நாள்தான் அதே மேஜையிலிருந்த ஒருத்தியை, கதை நின்றுபோனதற்காக, வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். ‘காது’வின் செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்றது.

“என்ன, இந்த மேஜையில சத்தத்தக் காணோம்?”

“சொல்லும்மா” என்றாள் கண்ணாடிக்காரம்மா. “என் மருமகளப் பத்திதான் சொல்லேன். சின்னப் புள்ளைல ரொம்ப வாலாமே?”

அக்கா ஆரம்பித்தாள். தங்கை சாக்பீஸ் தின்றது, டீச்சர் பையில் தவளை விட்டது. மேஜை சிரித்தது. ஐயோ, அந்தச் சிரிப்புதான் கெடுத்தது! வாழ்நாளில் அவள் பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

“அப்புறம்?” என்றாள் கண்ணாடிக்காரம்மா.

“அப்புறம் ஒரு நாள் தலகாணியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிட்டா. கண்ணு திறந்திருக்கு, ஆளு தூங்கறா! இன்னிக்கும் என் கையோட கட்டித்தான்...”

மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடிக்காரம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இன்னிக்குமா?”

அவ்வளவுதான். உளறிக் கொட்டியாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே கண்ணாடிக்காரம்மாவின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: ராத்திரி எழுந்து அலைகிற பெண் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது, என் பையன் கழுத்தை நெரித்தால் யார் பொறுப்பு? அன்றைக்குப் படுக்கும்போது தங்கை கிழிசலை எடுத்துத் தன் காலை ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டாள். அக்கா கொண்டுவந்த திராட்சையைத் தொடவில்லை. தட்டில் அது நாளுக்கு நாள் குவிந்தது. அக்கா கொண்டுவருவதை நிறுத்தவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கை தானாகவே வந்து பேசினாள்.

“உங்க மேஜையில ஒரு இடம் காலின்னு சொன்னியே. நானும் வரட்டா?”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்றே நினைத்தாள், பைத்தியக்காரி. கையோடு கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, காம்பு பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள், புள்ளைக்குப் பசிக்குமே என்று, ‘காது’ திரும்பிய நேரம் பார்த்துத் தலையில் கட்டியிருந்த துணிக்குள் கைவிட்டு ஒரு பிடியைத் தன் கொண்டையில் சொருகியும் வைத்தாள்.

மத்தியானம் தங்கையின் முறை வந்தது.

“புதுப் பொண்ணு என்ன சொல்லப் போறே?” என்றாள் கண்ணாடிக்காரம்மா, ஒன்றுமே நடக்காதவள் போல.

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பு. அக்காவும் சிரித்தாள்.

“எங்கக்காவப் பத்திச் சொல்றேன். அவளுக்கு என்மேல உசுரு. நான் கேட்டா எதையும் கொண்டுவந்துடுவா. இங்க எல்லார் நாக்கையும் பாக்கறாங்க இல்ல? ஒருத்தராவது கொண்டையப் பாத்திருக்காங்களா?”

யாரும் ‘உம்’ கொட்டவில்லை. செருப்புச் சத்தம் வந்து அக்காவின் பின்னால் நின்றது.

“அவிழ்” என்றார் ‘காது’.

அவள் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவரே தலைத்துணியைப் பிடுங்கிக் கொண்டையை இழுத்தார். திராட்சை மேஜைமேல் கொட்டியது, சில தங்கையின் மடியில் விழுந்தன.

“உனக்குத்தாண்டி எடுத்தேன்” என்றாள் அக்கா.

“தெரியும்” என்றாள் தங்கை. மடியில் கிடந்ததைப் பொறுக்கிக் குவியலில் போட்டாள்.

அவிழ்ந்த தலையோடு அக்காவைத் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ‘காது’ திரும்பிப் பார்த்து, “அங்க என்ன வேடிக்கை? பேச்சு நிக்கக் கூடாது” என்று அதட்டினார். கதவு சாத்துவதற்குள் உள்ளேயிருந்து கண்ணாடிக்காரம்மாவின் குரல் கேட்டது.

“அப்புறம்?”

தங்கை சொல்லத் தொடங்கினாள். மேஜை சிரித்தது.