கம்ப்ரஸரில் வந்த தண்ணீர்

ஆயுத பூசைக்கு முந்தி லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒரு திருப்புளிகூடத் துடைக்காமல் இருக்கக் கூடாது. நாமக்கல் பக்கத்து வழக்கம் அது. வெல்டிங் மெஷினே பளபளக்க, ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் அழுக்காக உட்கார்ந்திருப்பதை மஞ்சுளாவால் பொறுக்க முடியவில்லை. ஆபீஸைப் பார்த்துக்கொள்பவள் அவள்தானே! மூடியைக் கழற்றி, பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸரின் குழாயைப் பிடித்து உள்ளே காற்றை ஓர் அடி அடித்தாள். தூசி பறந்தது. கூடவே தண்ணீரும் தெறித்தது.

பட்டறையில் கட்டிய அத்தனை லாரிகளின் அளவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் சரிதாவுக்குப் போன் போட்டாள்.

“கம்ப்ரஸரு காத்துத் தொட்டியில தண்ணி தேங்குமுங்க்கா. போச்சாது உடுங்க. காயற வரைக்கும் சுச்சு மட்டும் போட்டுறாதீங்க, கருகிப்போயிரும். நாளைக்கு வாரேன்.”

மஞ்சுளா மூடியை மாட்டியதும் சூடத்தட்டோடு முதலாளி அர்த்தநாரி வந்துவிட்டார். சூடம் காட்டிய கையோடு ஒவ்வொரு மெஷினையும் ஒருதரம் ஓட்டியாக வேண்டும் அவருக்கு. கோபம் வந்தால் மனுஷர் ஆளைத் துரத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பேசாமல் இருந்தால் மெஷின் பழசு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் விரல் சுவிட்சுக்குப் போனது.

“போடாதீங்க மொதலாளி! கம்ப்ரஸர்ல காத்தடிச்சேனுங்க. தண்ணி உள்ள போயிருச்சு. என்ர தப்புத்தானுங்க.”

பட்டறையே திரும்பிப் பார்த்தது.

“கொழாயிலயா தண்ணி வந்துச்சு?”

“ஆமாங்க.”

அர்த்தநாரி தட்டை வைத்துவிட்டு நேரே கம்ப்ரஸரிடம் போய் தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்தார். துருத்தண்ணீர் பீறிட்டு வேட்டியை நனைத்தது. போன மாதம் புது லாரியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியபோது, துடைக்காமல் அடித்த வேலை என்று பெயிண்டர் வேலுசாமியை எல்லோர் முன்னாலும் திட்டித் துரத்தியவர் அவர். அந்தப் பெயிண்டும் தண்ணீர் கலந்த இந்தக் காற்றில் அடித்ததுதான்.

மறுநாள் சரிதா வந்து, பிரித்து, உலர்த்தி, சாயங்காலமாகச் சுவிட்சைப் போட்டாள். அளவுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. மஞ்சுளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அர்த்தநாரி திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அம்மிணி, வேலுசாமிக்கு உன்ர போன்ல போடு. என்ர நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான்.”

மணி அடித்ததும் மஞ்சுளா போனை அவர் கையில் கொடுத்தாள்.