ஏழாவது விதியும் அச்சு முறுக்கும்

எங்கள் பகுத்தறிவு மன்றத்துக்கு மொத்தம் பதினொரு விதிகள். அதில் ஏழாவது விதியை எழுதியவன் நான். "உறுப்பினர் எவரும் தம் வீட்டில் எந்த மதப் பண்டிகைக்கும் பலகாரம் சுடக்கூடாது. பிற வீட்டார் கொடுப்பதை உண்ணலாம். அன்போடு கொடுப்பவரை மறுப்பது மனிதநேயம் ஆகாது." 1988-இல் இதை நிறைவேற்றியபோது இவ்வளவு தெளிவான விதி வேறெந்த மன்றத்திலும் இருக்காது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டில்தான் வேறு மாதிரிப் பேசினார்கள். எல்லாச் சாமி பலகாரத்துக்கும் வாய் உண்டு, அடுப்பு மட்டும் கிடையாது, நல்ல கொள்கை என்றார்கள். பொறாமை பிடித்தவர்கள்.

மன்றத்தில் நாங்கள் மூன்று பேர். தலைவர் கொளஞ்சியப்பன், பள்ளிக்கூட வாத்தியார். உறுப்பினர் அய்யனார், சைக்கிள் கடை வைத்திருப்பவர். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி மூன்று தீர்மானம் போட்டும் மாற்றிக்கொள்ளாதவர். செயலாளர் காசிநாதனாகிய நான், சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன். என் பெயரைப் பற்றித் தீர்மானம் எதுவும் வரவில்லை, ஏனென்றால் தீர்மானங்களை எழுதுவது நான்.

1995-இல் அய்யனார் வீட்டில் பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை அவித்துவிட்டார்கள். நான்கு வயதுப் பெண் அழுதது என்றார். அழுகை விதியில் இல்லை. ஆறு மாதம் நீக்கிவைத்தோம். மன்றத்துக்குத் தனி இடம் கிடையாது, கூட்டம் அவர் கடைக்குள்தான் நடக்கும். அந்த ஆறு மாதமும் நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து விவாதிப்போம், அவர் வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவார். டீ மட்டும் அவர்தான் சொல்லி அனுப்புவார்.

இனி பிச்சைமுத்து. ஆலையில் பாய்லர் பக்கம் வேலை. குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் வரிசையில் ஒரே கிறிஸ்தவக் குடும்பம் அது. ஒவ்வொரு டிசம்பரும் மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டுவார். அவருக்கு ஏணி என்றால் கால் நடுங்கும், அதனால் வேப்பமரத்தில் ஏறி அதைத் தொங்கவிட்டு ஒயர் இழுத்து பல்பு போடுவது நான். பதினாறு வருஷம் போட்டேன். மன்றப் பதிவேட்டில் அது "மின்பணி" என்று இருக்கிறது.

இருபத்து நாலாம் தேதி சாயந்திரம் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கோடு வந்து எங்கள் வாசலில் நிற்பார். "செயலாளரே, சாமி இல்லாத வூட்டுக்கு சாமி பலகாரம்" என்பார். தட்டை வாங்குவதற்கு முன் நான் பத்து நிமிஷம் பேசுவேன். டிசம்பர் இருபத்தைந்துக்கும் ஏசுவுக்கும் சம்பந்தமில்லை, ரோமாபுரியில் சூரியனுக்கு எடுத்த விழா அது என்று ஆரம்பித்து வரிசையாகச் சொல்வேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். தட்டை ஏந்தியபடியே முழுக்கக் கேட்பார். முடித்ததும், "சரி செயலாளரே, முறுக்கு நமத்துப்போவுது" என்பார். நான் வாங்கிக்கொள்வேன். பதினாறு வருஷமும் இதேதான். அவரை மாற்ற முடியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. அவருக்கு அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

2003 ஆடியில் பிச்சைமுத்து இறந்துபோனார். வேலை முடிந்து வந்து, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். என்னால் அழ முடியவில்லை. ஆலைக்குப் போய் நன்றாக இருந்த மோட்டார் ஒன்றை முழுக்கக் கழற்றி மறுபடி பூட்டினேன்.

டிசம்பர் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து குளிர் இறங்க ஆரம்பித்தது. கரும்பு டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டின. நான் ஏணியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். பிச்சைமுத்துவின் மனைவி சாலம்மாள் வெளியே வந்தார்.

"இந்த வருஷம் எங்க வூட்ல எதுவும் இல்லண்ணே. சாவு வுழுந்த வருஷம் ஆச்சே."

ஏணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டடி ஏணி. அன்றைக்கு அது இரண்டு மடங்கு கனத்தது.

என் மனைவி அம்சவள்ளி பத்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எங்கேயோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம். இருபதாம் தேதி காலையில் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"சாவு வூட்ல பண்டிகைக்கு அடுப்பு ஏத்தமாட்டாங்க. அக்கம்பக்கத்துலேருந்துதான் பலகாரம் போவணும். இன்னாங்க, தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அவங்க சாதிசனம் யாராவது குடுப்பாங்க."

"அவங்க தம்பி பெங்களூர்ல கீறாரு. மகன் துபாய்ல. யாரு குடுப்பாங்க? இந்த வரிசையில மத்தவங்கெல்லாம் அது அவங்க பண்டிகை, நமக்கு இன்னான்னு உக்காந்துகினு கீறாங்க. பதினாறு வருஷம் தின்னது நாமதான்."

"ஏழாவது விதி..."

"அந்த விதிய இன்னா எழவுக்கு எழுதினீங்க?"

பதிவேட்டைப் புரட்டினேன்; விதி இருந்தது, காரணம் எழுதியிருக்கவில்லை. இருபத்து நாலாம் தேதி சாயந்திரம் சாலம்மாள் வெறும் வாசலோடு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதை வெளியே சொல்லவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினேன்.

கூட்டம் அய்யனார் கடையில் நடந்தது. பொருள்: பண்டிகை கொண்டாடாத ஒருவர், பண்டிகை கொண்டாட முடியாத இன்னொருவருக்காகப் பலகாரம் சுட்டால் அது கொண்டாட்டம் ஆகுமா? கொளஞ்சியப்பன் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"இருபத்தி மூணாந்தேதி சுடுங்க. அன்னைக்கு எந்தப் பண்டிகையும் இல்ல. மறுநாள் குடுங்க. வெறும் பண்டம் குடுத்த மாதிரி ஆயிடும்."

எனக்கு அந்த யோசனை பிடித்தது. பேனாவைத் திறந்தேன். அதுவரை ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்த அய்யனார் நிமிர்ந்தார்.

"அப்ப என் பொண்ணு தேதி தப்பா அழுதுடுச்சா தோழரே?"

நான் பேனாவை மூடினேன்.

"நான் எதுக்கோ சொல்லல. அன்னைக்கும் இந்த மாதிரி ஒரு நாள் முன்னாடி பின்னாடி பாத்திருக்கலாமேன்னு கேட்டேன். உங்களுக்குன்னா விதி வளையுது. எங்களுக்குன்னா நிக்குது."

எட்டு வருஷம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். அத்தனை நாளும் அவர் சொல்லி அனுப்பிய டீயைக் குடித்திருக்கிறேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அவர் மேல். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வருவதற்குள் அது வெட்கமாகிவிட்டது.

"நீங்க இன்னா சொல்றீங்க அய்யனாரு?"

"நீங்க பலகாரம் சுடுங்க, சாலம்மாளுக்குக் குடுக்கத்தான் வேணும். அப்புறம் என்னை நீக்கினா மாதிரி ஆறு மாசம் வெளிய உக்காருங்க. டீ நான் சொல்லி அனுப்பறேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. நீக்கக்கூடாது என்று வாத்தியார் கை தூக்கினார். நீக்கவேண்டும் என்று அய்யனார் தூக்கினார். மூன்றாவது கை என்னுடையது. அதை அய்யனார் பக்கம் தூக்கினேன். "ஏழாவது விதியை மீற இருக்கும் செயலாளர் காசிநாதன் ஆறு மாத காலம் நீக்கிவைக்கப்படுகிறார்" என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

இருபத்து நாலாம் தேதி ஆலையில் அரை நாள் லீவு போட்டேன். அச்சு முறுக்குக்கு அச்சு வேண்டும். எங்கள் வரிசையில் அது இருப்பது ஒரே வீட்டில். அம்சவள்ளி போய் வாங்கி வந்தாள்.

"இன்னான்னு கேட்ட?"

"ஒன்னும் கேக்கல. போயி நின்னேன். எடுத்துக் குடுத்துட்டா."

மாவையும் தேங்காய்ப்பாலையும் சர்க்கரையையும் முட்டையையும் நான் கரைத்தேன். எண்ணெய் காய்ந்தது. சூடு பற்றி ஒரு எலக்ட்ரீஷியனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அச்சை மாவில் முழுக்க அமிழ்த்தி எண்ணெயில் இறக்கினேன். மாவு அச்சை விட்டு வரவில்லை. உதறினேன். தட்டினேன். சட்டி விளிம்பில் ஓங்கி அடித்தேன். முறுக்கு கருகி அச்சோடு ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி அமிழ்த்தினேன். நாலு போயிற்று. ஐந்தாவதைத் தட்டும்போது பின்கதவில் குரல் கேட்டது.

"அச்ச ஒடச்சிடாதீங்கண்ணே."

சாலம்மாள் நின்றிருந்தார். ஒரே சுவர் என்று சொன்னேன் அல்லவா, அத்தனை அடியும் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. உள்ளே வந்து என் கையிலிருந்து அச்சுக் கம்பியை வாங்கினார்.

"முழுக்க முக்கினா மேல மூடிக்கும், எப்டி கழலும்? முக்காவாசிதான் முக்கணும். மொதல்ல அச்ச எண்ணெயிலயே போட்டுக் காயவுடணும்."

"நீ சுடலாமா சாலம்மா?" என்றாள் அம்சவள்ளி.

"எங்க வூட்லதான் அண்ணி சுடக்கூடாது. இது உங்க வூடு."

அச்சைக் காயவிட்டு, முக்கால்வாசி முக்கி, எண்ணெயில் இறக்கி லேசாக ஆட்டினார். முறுக்கு பூப்போலக் கழன்று மிதந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு மணி நேரம் நின்று அத்தனையும் சுட்டார். நடுவில் ஒருமுறை, "அவரு இன்னும் கொஞ்சம் செவக்கணும்பாரு" என்று சொல்லிவிட்டு இரண்டைக் கூடுதலாகச் சிவக்கவிட்டார். நான் விறகை ஒழுங்குபடுத்துவது போலக் குனிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

விஷயம் தெரிந்து வாத்தியார் வந்தார். சுட்டது சாலம்மாள், நீங்கள் அல்ல, ஆகவே மீறல் நடக்கவில்லை, நீக்கத்தை ரத்து செய்துவிடலாம் என்றார். மாவு கரைத்தது நான், அடுப்பு என் அடுப்பு, கருகிய ஐந்தும் என் கையால் கருகியவை என்று மறுத்துவிட்டேன். அவரிடமே அய்யனார் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினேன். அந்தப் பெண் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன். வேப்பமரத்தில் போன வருஷத்து ஒயர் மட்டும் தொங்கியது. சாலம்மாள் கதவைத் திறந்தார். தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

எனக்கு உடம்பு கூசியது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்று நான் ஆயுளில் சொன்னதில்லை. "இன்னாம்மா சொல்றது?" என்றேன்.

"ரோமாபுரி. சூரியன். வருஷா வருஷம் சொல்லுவீங்களே. அவரு வூட்டுக்கு வந்து எங்கிட்ட முழுசும் ஒப்பிப்பாரு. அதைக் கேட்டுட்டுத்தான் நாங்க சர்ச்சுப் பூசைக்குக் கெளம்புவோம். இந்த வருஷம் வேற எதுவும் இல்ல. அதாவது இருக்கட்டும்."

நான் ஆரம்பித்தேன். பைபிளில் இந்தத் தேதி கிடையாது என்றேன். ரோமாபுரியில் சூரியனுக்கு விழா எடுத்தார்கள் என்றேன். குளிர் காலத்தில் பகல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வரும் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தட்டு கையில் ஆடியது. பதினாறு வருஷம் இதைக் கேட்டவர் ஒரு தடவைகூடத் தட்டை ஆடவிட்டதில்லை.

"இதோட சூரியன் போயிடுமோன்னு ஜனங்க பயந்துகினு இருப்பாங்க," என்று சாலம்மாள் எடுத்துக்கொடுத்தார்.

"பயந்துகினு இருப்பாங்க," என்றேன். "அப்ப ஒரு நாள் பகல் திரும்ப நீள ஆரம்பிக்கும். அதைத்தான் கொண்டாடினாங்க. வேற ஒன்னுமில்ல."

"வேற ஒன்னுமில்ல," என்றார் சாலம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். "சரி செயலாளரே, முறுக்கு நமத்துப்போவுது. உள்ள வந்து ஒன்னு எடுத்துக்கோங்க."

இன்னும் ஆறு மாதத்துக்கு நான் செயலாளர் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.