செம்பனுக்கு லாடம்

செம்பனுக்கு லாடம் அடிப்பதா விடுவதா என்ற கதை எங்கள் வீட்டில் ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் இழுபட்டது. ஊர் முழுக்கப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் ஒரு குதிரையின் குளம்புக்காக இரண்டு ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த வீடு கோண்டாவிலில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒருவர் என் மனுசன் கனகரத்தினம். மற்றவன் என் தம்பி சீவரத்தினம். தம்பி நெடுந்தீவில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். தொண்ணூறாம் ஆண்டு தீவுச் சனம் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் வள்ளத்தில் ஏற்ற, இவன் ஓர் இளங்குதிரையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். "உவனுக்கு விசர்" என்று ஊர் சிரித்தது. அரசாங்கத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனதும் சிரித்த அதே வாய்கள், "தம்பி, சந்தை வரைக்கும் ஒருக்கால் ஏத்திக்கொண்டு போறியே?" என்று குழைந்தன. பழைய கார்ச் சில்லுப் பூட்டிய ஒரு சின்ன வண்டிலைச் செம்பன் தோட்டப் பாதையெல்லாம் இழுத்துத் திரிந்தது.

தொண்ணூற்று மூன்றில் விமானம் போட்ட குண்டின் துண்டொன்று தம்பியின் முதுகெலும்பில் போய் இருந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு செம்பன்தான் அவனுக்குக் கால். அவன் வண்டிலில் படுத்திருந்தபடி நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுப்பான், அது அவனைக் கோயிலடிக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும்.

தொண்ணூற்றைந்து ஆடியில் ஆமி முன்னேறியபோது அளவெட்டிச் சனம் எங்கள் ஒழுங்கையால்தான் ஓடியது. ஒரு வயதான மனுசனைக் கதிரையோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். பிறகு ஆமி பின்வாங்க அந்தச் சனம் திரும்பிப் போய்விட்டது. ஆனால் என் மனுசனுக்கு அந்தக் கதிரை மண்டைக்குள் இருந்து போகவில்லை.

"இண்டைக்கு அளவெட்டி. அடுத்தது நாங்கள்தான்," என்றார். "ஓட வேண்டி வந்தால் சீவனை எப்பிடிக் கொண்டுபோறது?"

"செம்பன் இருக்குத்தானே," என்றேன்.

"செம்பன் தோட்டத்து மண்ணிலை நடக்கும், குணம். ஓடுறதெண்டால் சாவகச்சேரிக்குத்தான். அது வரைக்கும் தார் றோட்டு. கிட்டடியிலை நடந்தது மறந்துபோச்சே?"

மறக்கவில்லை. தம்பிக்குப் படுக்கைப் புண் முற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்த அன்று, செல் விழுந்து கல் கிளம்பிய றோட்டில் செம்பன் நொண்டி நொண்டித்தான் வீடு சேர்ந்தது. குளம்பின் விளிம்பு பிய்ந்து இரத்தம் கசிந்திருந்தது. கிழமைக்கணக்கில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினேன்.

"லாடம் அடிப்பம்," என்றார் இவர். "மாட்டுக்கு அடிக்கிறேல்லையே? அதைப் போலைதான்."

தம்பி சம்மதிக்கவில்லை. "நெடுந்தீவிலை எந்தக் குதிரைக்கு லாடம் அடிச்சவங்கள், அத்தான்? கல்லிலை பிறந்து கல்லிலை ஓடின சாதி. இஞ்சை செம்மண்ணிலை நிண்டு நிண்டு குளம்பு மெதுத்துப் போச்சு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய் றோட்டிலை நடத்துங்கோ. தானாய் இறுகும்."

"எவ்வளவு காலத்திலை?"

"நாலைஞ்சு மாசம் செல்லும்."

"அதுவரைக்கும் ஆமியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் ஒருக்கால் போய்க் கேக்கட்டே?"

இப்படித்தான் நாளாந்தம். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருவராவது பிழையாகக் கதைத்திருந்தால் அவரோடு சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாகச் சமைத்திருப்பேன். எங்களை இந்தக் கேள்விக்குள் தள்ளியவர்கள் யாரும் குதிரையைப் பற்றி யோசித்திருக்கப் போவதில்லை. மனிதரைப் பற்றியே யோசிக்கவில்லை, பிறகு குதிரையாம்.

ஆவணியிலும் புரட்டாதியிலும் தம்பி சொன்னபடியே செய்தோம். காலையில் இவர் செம்பனைப் பிடித்து றோட்டில் நடத்தினார். பலாலிப் பக்கம் செல்லடி தொடங்கினால் பாதியில் திரும்பி வந்தார். குளம்பு கொஞ்சம் இறுகியது போலத்தான் இருந்தது. போதுமா என்று யாருக்குத் தெரியும்?

ஐப்பசியில் சண்டை பெரிதாகத் தொடங்கியது. புத்தூர், நீர்வேலிச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து எங்கள் வளவிலும் இருந்தது. செல் எங்கள் கிணற்றடிக்குக் கிட்ட விழுந்த அன்று தம்பியே வாயைத் திறந்தான்.

"அத்தான், அடியுங்கோ. இனி நேரமில்லை."

வென்ற முகம் இவரிடம் இருக்கவில்லை. பயந்த முகம்தான் இருந்தது.

மாட்டுக்கு லாடம் அடிக்கும் நமசிவாயத்தார் மறுநாளே வந்தார். சவாரி மாடுகளுக்கு அடித்துப் பேர் எடுத்தவர். குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்து, "பிளவில்லாத குளம்பு. ரெண்டு துண்டுக்குப் பதிலாய் ஒண்டாய் வளைச்சு அடிக்கிறதுதான்," என்றார். பழைய வண்டிற் சில்லின் இரும்புப் பட்டையைச் சூடாக்கி வளைத்து, துளையும் போட்டு முடித்தார். வேலை சுத்தம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு வளவில் இருந்த ஆம்பிளைகள் சேர்ந்து, மாட்டை விழுத்துவதுபோலச் செம்பனை விழுத்தினார்கள். வேறு எப்படி என்று யாருக்குத் தெரியும்? குதிரைக்கு லாடம் அடித்ததைக் கண்டவர்கள் அந்த வளவில் ஒருவரும் இல்லை, தம்பி உட்பட. வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தார்கள். செம்பன் பக்கவாட்டில் சாய்ந்தது. நாலு காலையும் சேர்த்துக் கட்டித் தடியைக் கோத்தார்கள். மாடென்றால் அந்தளவோடு ஒரு பெருமூச்சு விட்டுக் கிடக்கும். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். செம்பன் அப்படிக் கிடக்கவில்லை. கட்டுப்பட்டது தெரிந்ததும் அதற்கு வெறி பிடித்தது. முழு உடம்பையும் வில்லாக வளைத்துத் துடித்தது. நமசிவாயத்தார் "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று கத்த, அதன் இடுப்புப் பக்கம் நாரியெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம்.

கட்டை அவிழ்த்தார்கள். செம்பன் முன்னங்காலை ஊன்றி எழும்பியது. பின்பக்கம் எழும்பவில்லை. நாய் குந்தியிருப்பதுபோல இருந்துகொண்டு எங்களைப் பார்த்தது. திரும்பத் திரும்ப முயன்றது.

"களைச்சுப்போச்சு. கொஞ்சத்தாலை எழும்பும்," என்றார் இவர்.

கட்டிலில் இருந்து தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லை, அத்தான்," என்றான். "அதை வருத்தாதேங்கோ. அது இனி எழும்பாது. எனக்குத் தெரியும்."

நமசிவாயத்தார் அடிக்காத லாடங்களை எடுத்துக்கொண்டு போனார். அவரைத் திட்ட வாய் உன்னியது. திட்டி என்ன?

தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்: அதை வதைக்காமல் முடித்துவிடுங்கள் என்று. இவர் இயக்கப் பெடியள் காவல் நிற்கும் சென்றிக்குப் போய்த் துவக்கால் சுடச் சொல்லிக் கேட்டார். "ஆக்களுக்கே காணாது, அண்ணை. குதிரைக்கு ஆர் குண்டு தாறது?" என்றார்களாம். வெட்டுவதற்கு இவருக்குக் கை வரவில்லை. எனக்கும் வரவில்லை. வாளியில் தண்ணீர் வைத்தோம், புல்லு வைத்தோம். அது தண்ணீரை மட்டும் குடித்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. வலிகாமச் சனம் முழுவதும் உடனே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போகட்டாம். மழையும் பிடித்துக்கொண்டது. தம்பி, "அக்கா, என்னைச் செம்பனோடை விட்டிட்டுப் போங்கோ," என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கன்னத்தில் அறைந்தேன். பிறகு இருவருமாக அவனைத் தூக்கி வண்டிலில் போட்டோம். குதிரை நிற்க வேண்டிய இடத்தில் இவர் நின்றார். நான் பின்னால் நின்று தள்ளினேன். படலையைச் சாத்தும்போது செம்பன் முன்னங்காலால் நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி வண்டிலில் பின்பக்கம் பார்த்தபடி சாய்ந்து கிடந்ததால் அவன் பார்க்காமல் இருக்க வழியில்லை.

விடியும்போது செம்மணி வெளியில் நின்றோம். நின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு றோட்டில் ஐந்து லட்சம் சனம் என்றார்கள். இரவு முழுக்க இழுத்து, ஊர்ந்து, நின்று, திரும்ப ஊர்ந்து, ஒழுங்காக நடந்தால் கொஞ்ச நேரத்தில் நடந்து முடிக்கிற தூரம்தான் வந்திருந்தோம். ஓடுவதற்காகத்தானே இத்தனை யோசனையும். இங்கே ஓட ஓரடி இடமில்லை. றோட்டே தெரியவில்லை, எல்லாம் சேறும் தண்ணீரும். எங்கள் வண்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி கன்றுத்தாய்ச்சிப் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். பசு நிற்கும், நடக்கும், நிற்கும். பால்குடிக் கன்றுகூட லாடமில்லாமல் அந்த நடை நடந்திருக்கும்.

நான் அந்தப் பசுவைப் பார்த்தேன். இவரும் பார்த்தார். என் வாய் சும்மா இருக்காது என்று இவருக்குத் தெரியும்.

"சொல்லாதை, குணம்," என்றார், திரும்பாமலே. "எனக்கு விளங்குது. சொல்லாதை."

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அதற்குப் பிறகுதான் கண்டேன்.

வண்டிலுக்குள் இருந்து தம்பியின் குரல் வந்தது. "விடுங்கோ, அத்தான். செம்பன் வந்திருந்தாலும் இந்தத் தண்ணிக்கை நிக்கேலாமல் செத்துத்தான் போயிருக்கும்."

இவர் ஓம் என்று தலையாட்டினார். நானும் ஓம் என்றேன். நெடுந்தீவில் மாரி முழுக்கக் குதிரைகள் முழங்கால் தண்ணீருக்குள் நின்றுதான் புல்லுத் தின்னும் என்று எங்களுக்குச் சொன்னவனே அவன்தான்.