மூன்றாம் எண் சேறு

அப்பாவின் கட்டைவிரல் நகத்தை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை. முப்பது வருடம் ஏரியில் வலை இழுத்த கை. கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸ் ஊசி ஏறிய கை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. சிறுநீரகம் ஏன் கெட்டது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இன்று விடியற்காலையில் எல்லாம் முடிந்தது. பத்து மணிக்கு வண்டி வரும் என்றார்கள்.

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தார் சித்தப்பா. கூடப் பிறந்தவர் இல்லை. அப்பாவோடு ஒரே படகில் போனவர். மகளை இவ்வளவு படிக்க வைத்தாரே என்று யாரோ பேச்செடுக்க, அவர் மண் எடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவளுடைய ஆய்வுக்கு ஏரியின் அடிவண்டல் வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஆறு புள்ளி வைத்துக் கொடுத்தாள். படகில் ஏறினால் அவளுக்குக் குமட்டும். பரிசோதனைக்கூடத்திலும் வேலை தலைக்கு மேல். அப்பாவும் சித்தப்பாவும் குழாயை அடியில் குத்தி எடுத்து, மூடி, எண் ஒட்டி, முதல் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்றாம் எண், முலாம் பூசும் ஆலையின் கழிவு வந்து விழும் இடம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஈயமும் காட்மியமும் அங்கேதான் குவிந்திருக்க வேண்டும். ஆனால் வந்த மண்ணில் இல்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு எழுதினாள்: சூழல் அபாயம் குறைவு. மீன் விற்கும் இடத்தில் அந்தத் தாளை ஒட்டினார்கள். அந்த ஆய்வை வைத்தே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது.

"மூணாம் நம்பர்ல குத்துனா தார் மாதிரி வரும். கொடலைப் பொரட்டுற நாத்தம்," என்றார் சித்தப்பா. "அண்ணன் மூக்கைப் பொத்திக்கிட்டு, 'இதையாடா புள்ள கையில குடுக்கறது? நாலு பேருக்கு முன்னாடி தொறந்தா அவ மானம் போயிடாதா'ன்னாரு. கொட்டிட்டு, நல்ல தண்ணி ஓடை வந்து சேர்ற பக்கம் போயி நல்ல மண்ணா எடுத்துப் போட்டோம். ஒவ்வொரு தடவையும்."

சுற்றியிருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். என்ன பாசம் என்றாள் ஒருத்தி.

அவள் துணியைப் பிழிந்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்து? படிக்காத மனுஷன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த மண் எதற்கு என்று ஒரு நாளும் அவரிடம் அவள் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்று அவளே முடிவு செய்திருந்தாள். பட்டம் வாங்கியவள் செய்கிற தப்பு.

வண்டி வந்தது. போனது. எல்லாம் முடித்துத் திரும்பியபோது பக்கத்து வீடுகளிலிருந்து சோறும், அந்தக் கரையில் சாவுக்கும் விலக்காத மீன் குழம்பும் வந்திருந்தன. காலையிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மருமகள், ஆறு மாசக் கர்ப்பிணி, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள்.

அம்மா மகள் தட்டிலும் ஒரு துண்டை வைத்தாள்.

"வேண்டாம்மா. யாருக்கும் போடாத. ஏரி மீனு."

"பயமில்லன்னு நீதானடி எழுதிக் குடுத்த? உங்கப்பா அந்தத் தாளைக் காட்டித்தான வித்தாரு."

சித்தப்பா தலையைத் தூக்கினார். அவருக்கு இப்போதுதான் ஏதோ உறைத்த மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நான் எழுதுனது தப்பும்மா. மண்ணு எடுத்த எடம் தப்பு. நான் போயிப் பாக்கல. நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடுவேன்."



"வேலை?" என்றாள் அம்மா.

"போயிடும்."

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்து வீட்டு மருமகள், வாயில் போட்டதை விழுங்கவா துப்பவா என்று தெரியாமல், கன்னம் உப்ப இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.