கிணற்றுச் சுவர்

தளவாய்க்குப் பழுதைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரகடத்து ஃபோன் கம்பெனியில் அவனுக்கு டெஸ்டிங் லைன். கோளாறுள்ள ஒரு ஃபோன்கூட அவனைத் தாண்டிப் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், புது மாடல் இறங்குகிற வாரம் என்று சொல்லி, தங்கச்சி மாடத்தியின் கல்யாணத்துக்கு லீவு தராத மகானும் அவரேதான்.

சொந்த ஊர் சாத்தான்குளத்தில் நடந்த கல்யாணத்தில், பெண்ணின் அண்ணன் போட வேண்டிய மச்சினன் மோதிரத்தை மாப்பிள்ளைக்குப் போட்டது சித்தப்பா மகன். தளவாய் வாங்கிய மோதிரம் அவன் வாடகைக்கு இருக்கும் வடக்குப்பட்டு அறையில் தகரப்பெட்டிக்குள் கிடக்கிறது. அன்றிலிருந்து மாடத்தி அவனிடம் பேசுவதில்லை. அவள் வாழ்க்கைப்பட்ட திருப்பூருக்கு ஃபோன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுத்து, "அவ வேலையா இருக்கா" என்பார். பாவம், மனுஷனுக்கு வேறென்ன சொல்ல வரும்?

ஒருகாலத்தில் அண்ணனும் தங்கையும் பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தீவு விளையாட்டு ஆடுவார்கள். அதை நடத்தின கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ரசிகர்கள் சிலர் சர்வரை மட்டும் மறுபடி எழுப்பியிருந்தார்கள். ஆனால் நம் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைய ஒரு கிளையண்ட் புரோகிராம் வேண்டுமே! பழையது புது கம்ப்யூட்டரில் ஓடாது. தளவாய் நெட்டைப் பார்த்தே படித்து, ஷிஃப்ட் போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்தில் அதை முதலிலிருந்து எழுதினான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்தும் வைத்தான். ஊருக்கெல்லாம் என்று பேர்தான். எழுதியது ஒருத்திக்காக.

முடிந்ததும் அதை இறக்கிக்கொள்ள லிங்க் வைத்து மாடத்திக்கு மெயில் அனுப்பினான்: "ஞாயித்துக்கிழமை காலைல தீவுக்கு வா."

வந்தாள். 'சிட்டு' என்ற அவள் பழைய பெயரைத் தீவில் பார்த்ததும் தளவாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். சிட்டு அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அங்கிருந்த கிணற்றுக்குப் போய், சுவரை உரசிக்கொண்டு மூன்று தடவை சுற்றினாள். பிறகு போய்விட்டாள்.

"சுவத்துல இன்னாத்த தேடிச்சு?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மகன் சுபாஷ்.

தளவாய் தலையில் அடித்துக்கொண்டான். பழைய விளையாட்டில் அந்தச் சுவரில் ஒரு கோளாறு. உரசி நடந்தால் நம் உருவம் இடுப்புவரை உள்ளே மாட்டிக்கொள்ளும். இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வரலாம். மாடத்தி தினமும் மாட்டுவாள், கத்துவாள், இவன் இழுப்பான். அதைத்தான் இந்தப் புத்திசாலி முதல் வேலையாகச் சரிசெய்து தொலைத்திருந்தான்!

"நல்லா கீறத போயி கெடுக்கிறியே, மெண்டலா நீ?" என்று சுபாஷ் சிரிக்கச் சிரிக்க, தளவாய் அன்றே கோளாறைத் திரும்ப வைத்தான். புரோகிராமில் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினான்: 'இது இருக்க வேண்டிய பிழை. யாரும் கை வைக்காதீர்கள்.' மாடத்திக்கு இன்னொரு மெயில்: "புதுசா இறக்கிக்கோ. கிணத்துச் சுவரு பழையபடி இருக்கு."

அடுத்த ஞாயிறு சிட்டு வந்தாள். உரசினாள். இடுப்புவரை மாட்டிக்கொண்டு நின்றாள். தளவாய் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் கூப்பிடாமல் எந்த முகத்தோடு இழுப்பது? ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

திரையில் எழுத்து வந்தது. "எண்ணே, வேடிக்கையா பாக்க? இழு!"

இழுத்தான். கண்ணில் நீர் முட்டித் திரையே தெரியவில்லை. அடுத்த வரியைச் சுபாஷ்தான் வாசித்துச் சொன்னான்.

"சித்தப்பா மவன் போட்ட மோதிரத்த அன்னைக்கே கழத்தச் சொல்லிட்டேன். அவரு வெரலு சும்மாத்தான் இருக்கு. எப்ப வாற?"