துண்டுக் கம்பி

பஸ் கண்டக்டராக இருந்த மாமனாரைக் கிடத்துவதற்குக் கூடத்தில் இடம் செய்ய வேண்டியிருந்தது. சோபாவின் ஒரு முனையைப் பிளம்பர் பிடித்தான். மறுமுனையை மச்சான் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். சோபா பாவம், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் நின்று முனகியது.

"இந்தப் பக்கம் தள்ளுங்க மாப்பிள்ளை. அப்பாவ ஜன்னலோரம் வைக்கணும்."

"ஜன்னலோரம் வெயில் அடிக்கும் மச்சான்."

"அவருக்கு இனிமே வெயில் என்ன, மழை என்ன? எல்லாத்தையும்தான் பார்த்து முடிச்சிட்டாரே, உங்க வீட்ல."

'உங்க வீட்ல' என்பதை மச்சான் காலையிலிருந்து சொல்வது இது பதினோராவது தடவை. பிளம்பர் எண்ணிக்கொண்டிருந்தான். துக்க வீட்டில் மாப்பிள்ளைக்கு வேறென்ன வேலை? ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்திருந்தது. மூன்று நாள் முன்பு இதே வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த மாமனார், விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார்.

சமையலறை வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். அந்த மூன்று நாளாக அவள் அவனோடு பேசவில்லை. பேசியது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரி லிஃப்டில், பத்துப் பேருக்கு நடுவில்: "நீங்க சண்டை போட்டது எங்கப்பாவோடயா, அவர் உயிரோடயா?" லிஃப்டில் இருந்த பத்துப் பேரும் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்கள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பெரியவர்களுக்குப் பாத்ரூம் சரிசெய்வதுதான் பிளம்பருடைய பிழைப்பே. வழுக்காத டைல், உயரமான கமோடு, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, கையெட்டும் இடத்தில் கைப்பிடி. சுற்று வட்டாரத்துக் கிழடுகள் அவன் புண்ணியத்தில் விழாமல் குளித்து, மருமகள்களோடு தெம்பாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டிலேயே ஒருவர் விழுந்தார்.

செய்யாமல் இல்லை. மகன் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் கண்டக்டர் இங்கே குடிவந்த வாரமே ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டான். அது மறுநாள் வாசலில் செருப்புத் துடைக்கக் கிடந்தது. குளியல் நாற்காலியின் மேல் ஒரு பூந்தொட்டி ஏறி உட்கார்ந்தது. கைப்பிடி என்று வாயைத் திறந்ததும் கிழவர் சிரித்த சிரிப்பு தெரு முனைவரை கேட்டது.

"என் பொண்ணு கையப் பிடிச்சது போதாதுன்னு, எனக்கு வேற கைப்பிடியா?"

அந்த நகைச்சுவையை ஒரு வாரம் வைத்து ஓட்டினார். பால்காரருக்குச் சொன்னார். வழி கேட்டு வந்தவருக்கும் சொன்னார். எட்டாம் நாள்தான் கோபம் வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் ஓடற பஸ்ல, ஒரு கம்பியத் தொடாம டிக்கெட் கிழிச்சவன்யா நான். 'கம்பியப் பிடிங்க, கம்பியப் பிடிங்க'ன்னு ஊருக்கே சொன்னவன். கக்கூஸ்ல குனியற ஆளு எனக்கு நிக்கக் கத்துக்குடுக்கிறீரோ?"

வேறு வாடிக்கையாளராக இருந்தால் பிளம்பர் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு தடவை சொல்லியிருப்பான். மாமனார் ஆயிற்றே. கிழவர் முடிவெட்டப் போயிருந்த ஒரு மத்தியானம் டைலைத் துளைத்து, செங்கல்வரை போல்ட் இறக்கி, ஆறு ஸ்க்ரூ வைத்து, கைப்பிடியை மாட்டிவிட்டான். யானை தொங்கினாலும் அசையாது. அதன்மேல் ஒரு துண்டையும் போட்டு வைத்தான்.

கிழவர் வந்து பார்த்தார். விரலால் சுண்டினார்.

"என்னய்யா இது?"

"துண்டுக் கம்பி மாமா."

"இவ்வளவு தடியாவா? கைப்பிடி இல்லையே?"

"சேச்சே! கைகிய வச்சிராதீங்க, பிச்சுக்கிட்டு வந்துரும். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. துண்டு மட்டும் போடுங்க."

வழுக்குகிற ஆளின் கை யோசிக்காது, கிடைத்ததைப் பிடிக்கும் என்பது அவன் தொழிலில் கண்ட உண்மை. அதை நம்பித்தான் அந்தப் பொய். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை; அவளுக்குக் காலையில் தெரிந்தால் அப்பாவுக்குச் சாயங்காலம் தெரிந்துவிடும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள ஆள் இல்லாமல் தானே மெச்சிக்கொண்டான்.

நேற்றுச் சாயங்காலம் கிழவருக்கு நினைவு திரும்பியிருந்தது. கட்டிலருகே மாப்பிள்ளை மட்டும் இருந்தான். மனைவி வாசலில் நர்சோடு பேசிக்கொண்டிருந்தாள். கிழவர் அவனைக் கிட்டே வரச்சொன்னார். குரலில் வழக்கமான குத்தல் இல்லை.

"உங்க துண்டுக் கம்பி தப்பிச்சுது மாப்பிள்ளை. கை அது பக்கம்தான் போச்சு. பிச்சுக்கும்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எதுக்கு உங்க வேலையக் கெடுக்கணும்னு... குழாயப் பிடிச்சேன்."

குழாய் கையோடு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் மாமனார் அவன் சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்ன மாப்பிள்ளை, மௌன விரதமா?" மச்சான் சோபாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். வந்திருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். "ஊருக்கெல்லாம் கைப்பிடி மாட்டுறீங்க. சொந்த மாமனாருக்கு ஒரு துண்டுக் கம்பி! அவ்வளவுதானா அவருக்கு மரியாதை?"

"மச்சான், இப்ப வேண்டாம்."

"இப்ப இல்லாம எப்ப? அவர் திரும்பி வந்து கேப்பாரா?"

"உங்க வீட்ல இருந்தப்ப நீங்க என்ன மாட்டினீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபோது ஒரு நொடி இனித்தது. மச்சானின் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று.

"என் வீட்ல அவர் விழலையே! படி ஏறித்தானே வந்தாரு!"

ஒரே ஒரு வாக்கியம் போதும்: அது கைப்பிடிதான் மச்சான். அது அவனை விடுதலை செய்துவிடும். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும். அதற்குச் சொல்ல வேண்டிய இரண்டாவது வாக்கியம் தூக்கில் போட்டுவிடும். இரண்டையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு பிளம்பர் சோபாவையே பார்த்தான்.

"அந்தக் கம்பி இந்த வீட்ல இருக்கக் கூடாது. அப்பா உள்ள வர்றதுக்குள்ள பிடுங்கி எறியறேன்."

மச்சான் குளியலறைக்குள் போனார். பிளம்பர் பின்னாலேயே ஓடினான். அவன் மனைவியும் வந்து கதவருகில் நின்றாள். தரையில் உடைந்த குழாய் இன்னும் கிடந்தது. மச்சான் கம்பியில் இருந்த துண்டைச் சுருட்டித் தரையில் வீசினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

ஒரு காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "துண்டுக் கம்பியாம், துண்டுக் கம்பி," என்று பல்லைக் கடித்தபடி உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துத் தொங்கினார். தொண்ணூறு கிலோ ஆள். கம்பி ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை.

தன் வேலை இவ்வளவு நன்றாக நின்றதற்காகப் பிளம்பர் முதல்முறையாக வெட்கப்பட்டான். 'வந்துரு, வந்து தொலை' என்று மனதுக்குள் கம்பியைக் கெஞ்சினான்.

மச்சான் இழுப்பதை நிறுத்தினார். குனிந்து, கம்பி சுவரோடு சேரும் அடித்தட்டைப் பார்த்தார். ஸ்க்ரூக்களை உதடசைத்து எண்ணினார். மூன்று. மறுமுனையில் மூன்று.

"இது துண்டுக் கம்பி இல்ல," என்றார். குரலில் இருந்த நெருப்பு எங்கேயோ போயிருந்தது.

மனைவி உள்ளே வந்தாள். அண்ணனின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்து, ஒரே தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

லிஃப்டுக்கு அப்புறம் அவள் அவனைப் பார்த்துக் கேட்டது அதுதான்.

"துண்டுக் கம்பின்னு சொன்னேன்," என்றான் பிளம்பர். "கைப்பிடின்னா விடமாட்டாருன்னு... பிடிக்காதீங்க, பிச்சுக்கும்னும் சொன்னேன்."

திட்டுவதற்குக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த மச்சானுக்கு இப்போது வேண்டிய மட்டும் கிடைத்திருந்தது. ஆனால் அவர் மறுபடி ஸ்க்ரூக்களை எண்ணினார்.

"நேத்து உங்களக் கூப்பிட்டு ஏதோ சொன்னாரே," என்றாள் அவள். "என்ன சொன்னாரு?"

வெளியே வண்டி பின்பக்கமாக வாசலுக்குள் வந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்து," என்று யாரோ கத்தினார்கள். யாரோ மச்சானை உறவு சொல்லி அழைத்தார்கள். அவர் கம்பியை விடாமல் அப்படியே நின்றார்.

பிளம்பர் தரையில் கிடந்த குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினான். அவள் குனிந்து அப்பாவின் துண்டை எடுத்தாள். ஈரமாகியிருந்தது. பிழிந்து உதறினாள். மாட்டுவதற்காகக் கை தானாகக் கம்பிப் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றது.

துண்டை நாலாக மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனாள்.